அம்மா எத்தனை அடி

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரை அடித்த அன்று அவள் கையில் கத்தி இருந்தது என்று தெருவெல்லாம் பேச்சு. கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிறவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? கறிக்கடையில் எலும்பு வெட்டுகிறவள் கத்தியோடுதான் போயிருப்பாள் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். கத்தி கடையில்தான் கிடந்தது. பாதி வெட்டிய தொடையை மரக்கட்டை மேலேயே போட்டுவிட்டு, ரத்தக்கறை படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். அவளுடைய சின்னவன், எட்டு வயது, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற பிள்ளை. வாயை மூடு என்றால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வான். பல்லைக் காட்டாதே என்றால் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொள்வான். எழுத்து அவன் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்காது, முன்னே இருப்பது பின்னே போகும், பின்னே இருப்பது முன்னே வரும். அன்று டீச்சர் அவன் நோட்டைப் பார்த்துவிட்டு, "காலைலேர்ந்து என்னடா கிழிச்சே?" என்று கேட்டாள். அவன் நன்றாக யோசித்தான். "இன்னிக்கு ஒன்னும் கிழிக்கல மிஸ். நேத்துதான் ஒரு பேப்பர் கிழிச்சேன்" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் இரும்பு ஸ்கேலை விளிம்புப் பக்கமாகத் திருப்பி அவன் விரல் முட்டியில் போட்டாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. சுண்டுவிரல் எலும்பு விரிசல் விட்டுவிட்டது.

அவள் உள்ளே போனபோது டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். மேசை மேல் ஸ்கேல் இருந்தது. பிறகு என்ன? தோளில் ஒன்று, கையில் இரண்டு, மூக்குக் கண்ணாடி பறந்தது, உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. "அவன் என்னத்த கிழிக்கணும், சொல்லுங்க. என்னத்த கிழிக்கணும்" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். வாட்ச்மேனும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து இழுத்தும் அவளை நகர்த்த முடியவில்லை. தினமும் முப்பது கிலோ கறியைத் தூக்கி மாட்டுகிற கை அது.

போலீஸ் வரை போகவில்லை. பிள்ளையின் விரலை டாக்டர் படம் எடுத்துக் காட்டியதும் தலைமை ஆசிரியர் குரலைத் தணித்துக்கொண்டார். ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்மா, இத்தோட விட்டுடுவோம் என்றார். அவள் சின்னவனையும், பதினோரு வயதுப் பெரியவளையும் அன்றைக்கே கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டிலேயே சொல்லித் தருவேன் என்றாள். தெருவில் பாதிப் பேர் அவளுக்குச் சபாஷ் போட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

வீட்டில் சொல்லித் தரச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சும்மா விட்டுவிட மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார்கள். தேறினால் நிரந்தர அனுமதி. தேறாவிட்டால் அந்தப் பகுதிக்கு உரிய பள்ளிக்கே திரும்ப அனுப்ப வேண்டும். அந்தப் பகுதிக்கு இருந்தது ஒரே பள்ளி. அதே வகுப்பு, அதே டீச்சர், அதே ஸ்கேல். போதாக்குறைக்கு இப்போது டீச்சருக்கு உதட்டில் ஒரு தழும்பு வேறு.

பெரியவளைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால்தான் அவளுக்கு எரிச்சல் வரும். "நானே படிச்சுக்கிறேன், நீ போ" என்பாள். சின்னவன் அப்படியில்லை. அவனுக்கு எல்லாம் கை வழியாகத்தான் போக வேண்டும்.

அதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், சும்மா சொல்லக் கூடாது. அவள் கணவர் தையல்காரர். உள்ளறையில் மிஷின் போட்டுக் காலை முதல் மாலை வரை தைப்பார். அவர் வெட்டிப் போட்ட கெட்டித் துணியில் அவள் எழுத்துகளை வெட்டினாள். சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி, "இது க... இது ம..." என்றான். துணி எழுத்து இடம் மாறவில்லை. தையல் டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அளந்தான். மேசை நாலு அடி, கதவு ஆறரை அடி, அக்கா நாலரை அடி. காலையில் அவள் கடைக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வருவாள், ஒரு மணி வரை பாடம். நாலு மாதம் அந்த வீடு நன்றாக இருந்தது. அவன் சிரித்தான், தூங்கினான், படுக்கையை நனைப்பதுகூட நின்றுவிட்டது.

அப்புறம் நோட்டீஸ் வந்தது. இன்னும் ஆறு வாரத்தில் அதிகாரி வருவார், மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டும், சொல்வதை எழுத வேண்டும், கணக்கும் அளவையும் கேட்கப்படும் என்று போட்டிருந்தது. அவள் அதை நாலு தடவை வாசித்தாள். துணி எழுத்து என்று அதில் ஓரிடத்திலும் இல்லை.

அன்றைக்கே துணி எழுத்துப் பெட்டியை அலமாரி மேலே தூக்கி வைத்துவிட்டாள். பேப்பர், பென்சில், புத்தகம். அவன் 'மரம்' என்று எழுதச் சொன்னால் 'ரமம்' என்று எழுதினான். 'படகு' என்றால் 'டபகு'. மூன்றாவது தடவையும் அதே தப்பு வந்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"கிழிச்சே போ. கிழி, இன்னும் நல்லா கிழி" என்றாள்.

அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். நோட்டை எடுத்தான். அந்தப் பக்கத்தை ஓரம் பிசகாமல், அப்பா துணி கிழிக்கிற மாதிரி, மேலிருந்து கீழாக மெதுவாகக் கிழித்து அவள் முன்னால் வைத்தான்.

தன் வாயிலிருந்து வந்தது எந்த வார்த்தை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது. தெரிந்த அந்த நொடியிலேயே வெட்கம் வந்தது, வெட்கத்தோடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது, ஆத்திரம்தான் கைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. கன்னத்தில் விட்டாள். பிள்ளை நாற்காலியோடு சரிந்து விழுந்தான். உள்ளறையில் தையல் மிஷின் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

முதல் அடிதான் கஷ்டம். அதற்கப்புறம் கை பழகிவிடுகிறது. ஒரு வாரத்தில் அதற்கு ஒரு முறையே வந்துவிட்டது: ஒரு தப்புக்கு ஒரு அடி. கன்னத்தில் வேண்டாம், தடம் தெரியும், உள்ளங்கையில். அவனே கையை நீட்ட வேண்டும், நீட்டிய கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். "எண்ணு" என்பாள். அவன் எண்ணுவான். ஒன்னு. ரெண்டு. மூணு. அழுதால் அது கணக்கில் வராது, மறுபடி ஒன்றிலிருந்து. 'எண்ணவாவது வருது பார்' என்று தனக்குத்தானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டாள். எலும்பை ஒரே வெட்டில் பிளக்கிற கையால் அடிக்கிறோம் என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்தால் அடிக்க முடியாது.

ஒரு நாள் மாலை டீ குடிக்கும்போது கணவர் வாயைத் திறந்தார்.

"போதும்டி. பையன் கை வீங்கிக் கிடக்கு. பட்டன்கூட எடுக்க முடியல அவனால."

"நீங்க சொல்லித் தாங்களேன். யார் வேணாம்னா? ஆறு வாரத்துல நாலு வாரம் போச்சு. அந்த ராட்சசிகிட்ட திரும்ப அனுப்பிடலாமா? சொல்லுங்க, அனுப்பிடலாமா?"

"அதுக்கு நீ..."

அவர் முடிக்கவில்லை. மேசை மேல் கிடந்த துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வீசினாள். அது அவர் காதோரமாகப் போய்ச் சுவர்க் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்து தரையெங்கும் சிதறியது. பிள்ளைகள் இருவரும் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டார்கள், காலில் குத்திக்கொள்ளாமல் இருக்க. யாரும் சொல்லித் தராமலே அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினார். பிறகு உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனாக இருந்து என்ன பிரயோசனம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. அன்று கடையில் வேலை சீக்கிரம் முடிந்து ஒன்பது மணிக்கே வந்தாள். மாடிப்படி ஏறும்போதே உள்ளே தன் குரல் கேட்டது. நின்றுவிட்டாள். அச்சு அசல் தன்னுடைய குரல்தான்.

"எத்தன தடவ சொல்றது? மண்டைல என்னதான் இருக்கு? நீட்டு கைய. எண்ணு."

கதவைத் தள்ளினாள். பெரியவள் மரக்கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சின்னவன் கையை நீட்டி, இன்னொரு கையால் தாங்கிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். உதடு மட்டும் அசைந்தது. "நாலு."

அவள் பாய்ந்தாள். கரண்டியைப் பிடுங்கி, பெரியவளின் பின்னலைப் பிடித்து இழுத்து, முதுகில் வைத்தாள். அந்தப் பெண் கத்தவில்லை. குனிந்து, தன் பின்னலைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டுக்கு மேலே வாயை வைத்துக் கடித்தாள். பல் இறங்கியது. ரத்தம் வரும் வரை விடவில்லை. அவள் கையை உதறி, மகளின் தாடையை அழுத்தி விலக்க வேண்டியிருந்தது.

"நீ அடிச்சா பாடம்" என்றாள் பெரியவள், வாயைத் துடைத்துக்கொண்டே. "நான் அடிச்சா மட்டும் தப்பா? அவன் ஃபெயிலானா எங்க போவான்னு எனக்கும் தெரியும்."

கையிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. துணியைச் சுற்றிக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்தாள். 'இனி தொடுவதில்லை' என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணிக்கொண்டாள், மனதுக்குள்தான். அலமாரி மேலிருந்த பெட்டியையும் கீழே இறக்கினாள். ஐந்து நாள் தாக்குப்பிடித்தாள். ஆறாவது நாள், அதாவது அதிகாரி வருவதற்கு முதல் நாள், பயம் மறுபடி வந்துவிட்டது. துணி எழுத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பென்சிலைக் கொடுத்தாள். பத்து வார்த்தையில் ஏழு தப்பு.

மறுநாள் பத்தரை மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பதை ஒட்டிய பெண்மணி, தோளில் கனத்த பை, படியேறிய களைப்பு. வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவள் வாசல் பக்கத்து நாற்காலியில், கைக்கட்டு தெரியாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் தினசரியின் முதல் பக்கத்தை மூச்சு விடாமல் வாசித்து, இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள். "போதும்மா, நான் வீட்ல போய்ப் படிச்சுக்கிறேன்" என்று அதிகாரி சிரித்தார். அவள் பேருக்கு நேரே எல்லாம் டிக்.

சின்னவன் வந்து நின்றான். பேப்பரைப் பார்த்ததும் தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டன. அதிகாரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அது என்னப்பா?"

"எழுத்து."

"எடுத்துட்டு வா. அதுலயே எழுது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது... பரவாயில்லையா மேடம்?"

"அவனுக்கு எழுத்து தெரியுதான்னுதான் நான் பாக்கணும். கையால தெரிஞ்சா என்ன, கண்ணால தெரிஞ்சா என்ன?"

ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தால் இதே பதில்தான் வந்திருக்கும். கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆறு வாரம். அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டான். ம, ர, ம். மரம். ப, ட, கு. படகு. விரல் வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. ஐந்து வார்த்தையில் மூன்று சரி. அதிகாரி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

"அளக்கத் தெரியுமா?"

இடுப்பிலிருந்து டேப்பைக் கழற்றினான். மேசை, கதவு, ஜன்னல், அதிகாரியின் பை வைத்திருந்த பெஞ்சு. நாலுக்கு நாலு சரி. அவனுக்குத் தெரிந்த உலகம் இது. முகமே மாறிவிட்டது. அதிகாரிக்கும் குஷி வந்துவிட்டது.

"பிரமாதம். ஏழு வந்தா பாஸ், ஏழு வந்துடுச்சு. சும்மா கடைசியா ஒன்னு, டேப் இல்லாம சொல்லணும். அம்மா எத்தனை அடி?"

"எப்போ?" என்றான் அவன்.

"இது என்ன கேள்வி? இன்னிக்குத்தான்."

"இன்னிக்கு இன்னும் இல்ல. நேத்து ஏழு."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "நேத்து ஏழு அடியா? அப்போ ராத்திரியோட ராத்திரியா உங்கம்மா சுருங்கிட்டாங்களா?" அவளும் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். "அஞ்சேகால் இருப்பாங்கடா. ஏழு அடின்னா கதவுல தலை இடிக்குமே. இது மட்டும் தப்பு" என்று அதிகாரி விளையாட்டாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அவன் அந்தக் குறியைப் பார்த்தான். திரும்பி அம்மாவிடம் நடந்து வந்தான். வலது கையை நீட்டினான். இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஒன்னு" என்றான், தயாராக.

உள்ளறையில் மிஷின் நின்றுவிட்டது. அதிகாரியின் சிரிப்பு பாதியில் இருந்தது.

"என்ன பண்றான்?"

"விளையாடுறான் மேடம்" என்றாள் அவள். சுலபமாக வந்துவிட்டது. "வீட்ல ரெண்டும் இப்படித்தான் ஏதாவது..."

"ஓ" என்றார் அதிகாரி. நம்பத் தயாராகத்தான் இருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குப் பேனாவும் போய்விட்டது. ஒரே ஒரு நிமிடம் அவள் பேசாமல் இருந்தால் போதும், அந்த ஸ்கேல்காரியின் முகத்தில் பிள்ளை இனி வாழ்நாளில் விழிக்க வேண்டாம்.

அவன் கையை எடுக்கவில்லை. உள்ளங்கை சிவந்து, விரலிடுக்கில் தோல் வெடித்து, அவள் மூக்குக்கு நேரே நீண்டிருந்தது. நடுங்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பயந்திருந்தால்கூடப் பொய்யோடு போயிருப்பாள். அவன் பயப்படவில்லை, இது நடக்க வேண்டிய காரியம் என்று நின்றான்.

"அவன் சரியாத்தான் சொன்னான் மேடம்" என்றாள். "உயரம் இல்ல. நேத்து நான் அடிச்சது. ஏழு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சின்னவனின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், இரண்டு பக்கமும். பெரியவள் சுவரோடு சுவராக நின்றாள். உள்ளறையிலிருந்து தையல்காரர் வந்து கதவருகில் நின்றார். கழுத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம். மிஷின்ல."

"கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றார் அவர்.

அதற்கு மேல் அந்த மனுஷனை அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. "இது தெரிஞ்சதுக்கப்புறம் நான் கையெழுத்து போட முடியாதும்மா. உங்களுக்கே தெரியும்" என்றார் அவளிடம். "திங்கக்கிழமை இவன் எங்க போவான்னு ஆபீஸ்தான் முடிவு பண்ணும். அந்த ஸ்கூல் வேணாம்னு நான் எழுதுவேன். கேப்பாங்களான்னு தெரியாது."

"எழுதுங்க" என்றாள் அவள். ஒரு டீச்சரை ரத்தம் வர அடித்தாளே, அன்றைக்குத் தனக்குக் கிடைத்த நியாயமெல்லாம் கையை விட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தது. எட்டிப் பிடிக்கத் தோன்றவில்லை.

சின்னவன் கண்ணைத் திறந்திருந்தான்.

"அப்போ என் பதில் சரியா?"

"சரிதான் கண்ணு."

"அப்போ தப்பு போட்டிருக்கீங்க. மாத்துங்க."

அதிகாரி அந்தக் குறியை அடித்துவிட்டுப் பக்கத்தில் டிக் போட்டார். அவன் எட்டிப் பார்த்துக் கூட்டினான். "எட்டு. நான் பாஸ்" என்றான். பிறகு, "அம்மா?"

அவள்தான் சொன்னாள். "அம்மா ஃபெயில்டா."

அவன் யோசித்தான். "எத்தன தப்பு?"

"எனக்குத் தெரியலடா. நீயே சொல்லு" என்றாள் அவள்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. எண்ணச் சொல்லி எண்ணியவன் அல்லவா? "லெட்டர் வந்த அன்னிக்கு கன்னத்துல ஒன்னு" என்று ஆரம்பித்தான். "மறுநாள் மூணு. அதுக்கு மறுநாள் அஞ்சு, அதுல ரெண்டு அழுதது, சேராது." அதிகாரி புதிதாக ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். சின்னவன் நாள் விடாமல், நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மறுக்காமல், கடைசி வரை கேட்டாள்.